டொமைன் விவரம் தேடும்போது பதில் குழப்பினால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

பதிவு விவரத்தைக் கேட்கும் ஹூயிஸ், அதன் புதிய வடிவமான ஆர்டாப், நேம்சர்வரிடம் கேட்கும் டிக் ஆகிய மூன்றும் ஒரே டொமைனைப் பற்றிப் பதில் சொல்பவைதான். ஆனால் மூன்றும் ஒரே இடத்தில் விசாரிப்பதில்லை. பத்திரம் ஒரு அலுவலகத்தில், பட்டா இன்னொரு அலுவலகத்தில் இருப்பதைப் போல, டொமைன் விவரமும் நான்கு இடங்களில் பிரிந்து கிடக்கிறது. .காம் பெயர் என்றால் மூலப் பேரேட்டை வைத்திருக்கும் ரெஜிஸ்ட்ரி வெரிசைன். அந்தப் பெயரை உங்களுக்கு விற்ற கம்பெனி ரெஜிஸ்ட்ரார். பெயரை ஐபி எண்ணாக (இணையத்தில் ஒரு கணினியின் முகவரி) மாற்றித் தருவது நேம்சர்வர், இந்த ஏற்பாட்டின் பெயர் டிஎன்எஸ். அந்த ஐபி எண் யாருடையது என்பது வேறொரு பதிவேட்டில் இருக்கும். ஒருவர் சொன்ன பதிலை இன்னொருவருடையதாக நினைத்துப் படிப்பதால்தான் கீழே வரும் குழப்பங்களில் பெரும்பாலானவை எழுகின்றன. எந்தக் கருவியின் பதிலைப் பார்த்தாலும் “இதை யார் சொல்கிறார்?” என்று முதலில் பாருங்கள்.

இங்கே தமிழில் எழுதியிருக்கும் கட்டளைகளை டெர்மினலில் ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும். விண்டோஸில் டிக் கட்டளை தானாக இருக்காது. அங்கே எளிய தேடல்களுக்கு என்எஸ்லுக்கப் போதும். டொமைன் பெயருக்குப் பின்னால் ஒரு இடைவெளி விட்டு, எந்த சர்வரிடம் கேட்க வேண்டுமோ அதன் பெயரைச் சேர்த்தால் சரி.

தளம் திறக்கிறது, ஹூயிஸ் மட்டும் “நோ மேட்ச்” என்கிறது

முதலில் நீங்கள் கொடுத்த பெயரைப் பாருங்கள். பிரவுசரின் முகவரிப் பட்டையிலிருந்து அப்படியே நகலெடுத்தால் முன்னால் எச்டிடிபிஎஸ், டபிள்யூடபிள்யூடபிள்யூ, பின்னால் ஒரு சாய்கோடு என எல்லாமே ஒட்டிக்கொண்டு வரும். ரெஜிஸ்ட்ரியின் பேரேட்டில் இருப்பது பதிவு செய்த பெயர் மட்டுமே. ஷாப், மெயில், பிளாக் என்று முன்னால் வரும் துணைப்பெயர்களை உரிமையாளர் தன் நேம்சர்வரில் தானே உருவாக்கிக்கொள்கிறார். அவை ரெஜிஸ்ட்ரிக்குத் தெரியாது. எல்லாவற்றையும் வெட்டிவிட்டு வெறும் பெயரையும் .காம் போன்ற பின்னொட்டையும் மட்டும் கொடுங்கள்.

பின்னொட்டு இரண்டு அடுக்காக இருந்தால் வெட்டும் இடத்தில் கவனம் வேண்டும். .கோ.இன், .காம்.எல்கே போன்றவற்றில் மூன்றாவது துண்டையும் சேர்த்தால்தான் பெயர் முழுமையாகும்.

பெயர் சரியாக இருந்தும் விவரம் வரவில்லையா? உங்கள் ஹூயிஸ் நிரல் தவறான சர்வரிடம் கேட்டிருக்கலாம். பழைய நிரல்களில் எந்தப் பின்னொட்டுக்கு எந்த சர்வர் என்ற பட்டியல் உள்ளேயே எழுதப்பட்டிருக்கும். ரெஜிஸ்ட்ரி மாறினால் அந்தப் பட்டியல் காலாவதியாகிவிடும். ஹூயிஸ்.ஐயானா.ஆர்க் என்ற சர்வரிடம் பின்னொட்டை மட்டும் கேளுங்கள். அந்தப் பின்னொட்டை யார் நடத்துகிறார்கள் என்பதும், அவர்களுக்கு ஹூயிஸ் சர்வர் இருந்தால் அதன் முகவரியும் வரும். அந்த முகவரியை ஹூயிஸ் கட்டளையில் “-எச்” என்பதற்குப் பின்னால் கொடுத்து நேரடியாகக் கேட்கலாம்.

கட்டளை அப்படியே நிற்கிறது, கடைசியில் “டைம்டு அவுட்” வருகிறது

ஹூயிஸ் போவது டிசிபி 43ஆம் போர்ட் வழியாக. பல அலுவலக நெட்வொர்க்குகளில் 80, 443 தவிர மற்ற போர்ட்டுகளை மூடி வைத்திருப்பார்கள். மொபைல் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து அதே கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள். அங்கே பதில் வந்தால் தடை உங்கள் நெட்வொர்க்கில் இருக்கிறது.

மொபைலிலும் வரவில்லை என்றால் அந்த ரெஜிஸ்ட்ரி ஹூயிஸ் சேவையையே நிறுத்தியிருக்கலாம். .காம், .நெட், .ஆர்க் போன்ற பொதுப் பின்னொட்டுகளுக்கு ஹூயிஸ் நடத்த வேண்டும் என்ற ஒப்பந்தக் கட்டாயம் 2025 ஜனவரி 28உடன் முடிந்துவிட்டது. அதன் பிறகு அவர்கள் கட்டாயமாக நடத்த வேண்டியது ஆர்டாப் மட்டும்தான். அது 443ஆம் போர்ட்டில், சாதாரண வலைத்தளம் போலவே எச்டிடிபிஎஸ் வழியாக வருவதால் அலுவலகத் தடையிலும் மாட்டாது. லுக்கப்.ஐகேன்.ஆர்க் தளத்தில் பெயரைக் கொடுத்தால் ஆர்டாப் பதிலைப் படிக்கும் வடிவில் காட்டும். நாட்டுப் பின்னொட்டுகளுக்கு இந்தக் கட்டாயம் பொருந்தாது. அவற்றில் சிலவற்றின் விவரத்தை அந்தந்த ரெஜிஸ்ட்ரியின் சொந்தத் தளத்தில் மட்டுமே பார்க்க முடியும்.

முதல் சில தேடல்களுக்குப் பதில் வந்து, பிறகு மறுக்கப்பட்டால் அது எண்ணிக்கை வரம்பு. ஆர்டாப்பில் 429 என்ற எண் வரும். நிறுத்திக் காத்திருந்துவிட்டு இடைவெளி கொடுத்துத் தொடருங்கள். விடாமல் அடித்துக்கொண்டே இருந்தால் தடை நீளத்தான் செய்யும்.

உரிமையாளர் பெயர் இருக்கும் இடத்தில் “ரிடாக்டட்” என்று மட்டும் இருக்கிறது

இது பிழை இல்லை. ஐரோப்பியத் தனியுரிமைச் சட்டமான ஜிடிபிஆர் 2018 மே 25 அன்று நடைமுறைக்கு வந்தபோது, டொமைன் பெயர்களை ஒழுங்குபடுத்தும் அமைப்பான ஐகேன் தன் விதிகளை மாற்றிக்கொண்டது. அன்றிலிருந்து தனிநபரின் பெயர், முகவரி, தொலைபேசி எல்லாம் பொதுப் பதிலில் மறைக்கப்படுகின்றன. எந்தக் கருவியை மாற்றினாலும் அவை வரப்போவதில்லை. காசு வாங்கிக்கொண்டு காட்டுவதாகச் சொல்லும் தளங்கள் பெரும்பாலும் பழைய பதிவுகளைத்தான் விற்கின்றன.

உரிமையாளரைத் தொடர்புகொள்ள ஒரு வழி மிச்சம் இருக்கிறது. மின்னஞ்சல் இருக்க வேண்டிய இடத்தில் ரெஜிஸ்ட்ரார் ஒரு புனை முகவரியையோ தொடர்புப் படிவத்தின் இணைப்பையோ தர வேண்டும். அங்கே அனுப்பும் செய்தி உரிமையாளருக்குப் போய்ச் சேரும். பதில் போடுவது அவர் விருப்பம்.

உங்கள் சொந்த டொமைன் என்றால் வெளியே தேடாதீர்கள், ரெஜிஸ்ட்ரார் கணக்குக்குள் நுழைந்து பாருங்கள். அதை ஏன் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது என்றால், கடைக்கோ பள்ளிக்கோ தளம் செய்து கொடுத்தவர் டொமைனைத் தன் பெயரிலேயே வாங்கி வைத்திருப்பது மிகச் சாதாரணமாக நடக்கிறது. பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரைத்தான் ரெஜிஸ்ட்ரார் உரிமையாளராக நடத்தும். பணம் கட்டிய ரசீது உங்களிடம் இருப்பது மட்டும் போதாது. நல்ல உறவு இருக்கும்போதே பெயரை மாற்றி வாங்குங்கள். ரெஜிஸ்ட்ரார் என்ற இடத்தில் நீங்கள் கேள்விப்படாத கம்பெனி இருந்தாலும் பதற வேண்டாம். உங்களுக்கு விற்றவர் அவர்களுடைய ரீசெல்லராக இருப்பார்.

காலாவதித் தேதி அடுத்த வருடம் என்கிறது, ஆனால் தளம் விழுந்துவிட்டது

அதிகம் பேரை ஏமாற்றும் அறிகுறி இதுதான். ஆர்டாப் பதிலைத் திறந்து வைத்துக்கொண்டு வரிசையாகப் பாருங்கள்.

பொதுப் பின்னொட்டுகளில் காலாவதி நாள் வந்ததும் ரெஜிஸ்ட்ரி தன் பேரேட்டில் தானாகவே ஒரு வருடத்தைக் கூட்டிவிடும். நீங்கள் பணம் கட்டினீர்களா என்பது அதற்குத் தெரியாது. அது உங்களுக்கும் ரெஜிஸ்ட்ராருக்கும் இடையிலான கணக்கு. பிறகு 45 நாள்வரை ரெஜிஸ்ட்ராருக்கு அவகாசம் உண்டு. அதற்குள் பெயரை அழித்துவிட்டால் அந்த ஒரு வருடக் கட்டணம் ரெஜிஸ்ட்ராருக்குத் திரும்பக் கிடைக்கும். ஆகவே அந்த நாட்களில் ரெஜிஸ்ட்ரி பதிலில் 2027 என்று தெரியும், உங்கள் கணக்கிலோ 2026லேயே முடிந்திருக்கும். “ரெஜிஸ்ட்ரி எக்ஸ்பைரி” வரியை நம்பாமல் “ரெஜிஸ்ட்ரார் எக்ஸ்பிரேஷன்” வரியைத் தேடுங்கள். அது ரெஜிஸ்ட்ராரின் பதிலில்தான் இருக்கும். இரண்டுக்கும் ஒரு வருட வித்தியாசம் இருந்து, நிலை (ஸ்டேட்டஸ்) வரியில் “ஆட்டோ ரினியூ பீரியட்” என்றும் இருந்தால், பணம் கட்டவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். நேம்சர்வர் வரிகளையும் பாருங்கள். பணம் வராத பெயரை ரெஜிஸ்ட்ரார் தன் விளம்பரப் பக்கத்துக்குத் திருப்பியிருந்தால் அங்கே உங்களுக்குத் தெரியாத பெயர்கள் இருக்கும்.

இந்தக் கட்டத்தில் சாதாரணக் கட்டணத்திலேயே புதுப்பித்துவிட வாய்ப்பு அதிகம். ஆனால் 45 நாளும் உங்களுக்குச் சொந்தம் என்று எண்ணிவிடாதீர்கள். அது ரெஜிஸ்ட்ராருக்குக் கிடைத்த அவகாசம். அதில் எத்தனை நாளை உங்களுக்குத் தருவது என்பது அவர்கள் முடிவு. இதைத் தாண்டினால் நிலை “ரிடெம்ப்ஷன் பீரியட்” ஆகும். 30 நாள். இதிலும் மீட்கலாம், ஆனால் மீட்புக் கட்டணம் தனி, அது வருடக் கட்டணத்தைவிடப் பல மடங்கு. அதற்கும் பிறகு “பெண்டிங் டிலீட்”, 5 நாள். இதில் உரிமையாளர், ரெஜிஸ்ட்ரார் யாராலும் எதுவும் செய்ய முடியாது. பெயர் விடுபட்டுச் சந்தைக்கு வரும்.

நேரத்தைப் படிப்பதிலும் ஒரு சறுக்கல் உண்டு. தேதியின் கடைசியில் இருக்கும் “இசட்” எழுத்து யுடிசி நேரத்தைக் குறிக்கிறது. 18:45 இசட் என்றால் இந்தியாவிலும் இலங்கையிலும் மறுநாள் அதிகாலை 00:15.

தேதியெல்லாம் சரியாக இருந்தும் தளம் விழுந்திருந்தால் நிலை வரியில் “ஹோல்ட்” தேடுங்கள். “கிளையன்ட் ஹோல்ட்” என்றால் தடுத்து வைத்தது ரெஜிஸ்ட்ரார். புதிதாக வாங்கிய பெயரில் இதற்குப் பெரும்பாலும் காரணம் மின்னஞ்சல் சரிபார்ப்பு. பெயரைப் பதிவு செய்தாலோ தொடர்பு விவரத்தை மாற்றினாலோ ஒரு சரிபார்ப்பு மடல் வரும். 15 நாளுக்குள் அதை உறுதிசெய்யாவிட்டால் பெயரை நிறுத்தி வைக்க ரெஜிஸ்ட்ராருக்கு இடம் உண்டு. ஸ்பாம் பெட்டியில் தேடுங்கள், இல்லையென்றால் கணக்குக்குள் போய் மீண்டும் அனுப்பச் சொல்லுங்கள். உறுதிசெய்த பிறகு ஹோல்ட் எடுக்கப்பட்டதும் தளம் திரும்பும். “சர்வர் ஹோல்ட்” என்றால் தடுத்தது ரெஜிஸ்ட்ரியே. சட்டப் பிரச்சினையோ மோசடிப் புகாரோ இருக்கலாம். அப்போதும் நீங்கள் எழுத வேண்டியது ரெஜிஸ்ட்ராருக்குத்தான், ரெஜிஸ்ட்ரியிடம் பேசுவது அவர்கள் வேலை. “இன்ஆக்டிவ்” என்றால் நேம்சர்வரே சேர்க்கப்படவில்லை. இரண்டைச் சேர்த்துவிட்டால் முடிந்தது.

ஹோல்ட் விழுந்த பெயரை டிக்கில் கேட்டால் “என்எக்ஸ்டொமைன்”, அதாவது அப்படியொரு பெயரே இல்லை என்று வரும். ஹூயிஸில் உயிரோடு இருக்கிறது, டிஎன்எஸ்ஸில் இல்லை. இந்த முரணைப் பார்த்தவுடனே நிலை வரிக்குப் போய்விடலாம்.

நேம்சர்வரை மாற்றியாகிவிட்டது, பழையதே தெரிகிறது

ரெஜிஸ்ட்ரிக்கு மாற்றம் போய்ச் சேர்ந்ததா என்று முதலில் பாருங்கள். .காம் என்றால் அதன் சொந்த சர்வர்களில் ஒன்றிடமே கேட்கலாம்: “டிக் @ஏ.ஜிடிஎல்டி-சர்வர்ஸ்.நெட்”, பிறகு உங்கள் பெயர், பிறகு “என்எஸ்” (நேம்சர்வர் வரியைக் கேட்பது). பதிலில் பழைய நேம்சர்வர்களே இருந்தால் ரெஜிஸ்ட்ரார் பக்கத்தில் மாற்றம் சேமிக்கப்படவில்லை. காத்திருப்பது வீண், உள்ளே போய் மறுபடி செய்யுங்கள்.

புதியவை வந்துவிட்டன என்றால் மிச்சம் இருப்பது நினைவகப் பிரச்சினை. பதிலில் பெயருக்கு அடுத்து 172800 என்ற எண் இருக்கும். இது நொடிக் கணக்கு, சரியாக 48 மணி நேரம். உலகத்தில் எந்த ரிசால்வருக்கும், அதாவது உங்களுக்காக நேம்சர்வரிடம் கேட்டுச் சொல்லும் சர்வருக்கும், பழைய பதிலை அவ்வளவு நேரம் கையில் வைத்திருக்க உரிமை உண்டு. “24 முதல் 48 மணி நேரம் ஆகும்” என்று எல்லோரும் சொல்வது இதிலிருந்துதான் வருகிறது. உங்கள் ரிசால்வரிடம் இரண்டு முறை கேட்டுப் பாருங்கள். அந்த எண் இறங்கிக்கொண்டே வரும், பூஜ்ஜியம் ஆனதும் புதிய பதில் வரும். 8.8.8.8, 1.1.1.1 என்ற பொது ரிசால்வர்கள் இரண்டுக்கும் நினைவகத்தைக் காலி செய்யும் பக்கங்களைக் கூகுளும் கிளவுட்ஃபிளேரும் திறந்து வைத்திருக்கின்றன. கணினியிலும் காலி செய்யுங்கள். விண்டோஸில் “ஐபிகான்ஃபிக் /ஃப்ளஷ்டிஎன்எஸ்”.

இரண்டு நாள் கழிந்தும் பழையது வந்தால் பழைய ஹோஸ்டிங் சர்வர் இன்னும் உங்கள் பெயருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். அதனுள் இருக்கும் என்எஸ் வரிகளும் பழையவையாக இருந்தால், சில ரிசால்வர்கள் அதையே திரும்பத் திரும்பப் பிடித்துக்கொள்ளும். பழைய இடத்திலும் என்எஸ் வரிகளைப் புதியதாக்குங்கள். மாற்றம் நடக்கும் இரண்டு நாளும் இரண்டு இடத்திலும் எல்லாப் பதிவுகளையும் ஒன்றாக வைத்திருப்பதே நல்லது. மின்னஞ்சலுக்கான எம்எக்ஸ் வரிகளை மறந்துவிடாதீர்கள். தளத்தை மட்டும் மாற்றி, கடிதங்களைத் தொலைப்பவர்கள் நிறையப் பேர்.

சிலருக்குத் தளம் திறக்கிறது, சிலருக்கு இல்லை. டிக் “சர்வ்ஃபெயில்” என்கிறது

“டிக் @8.8.8.8” என்று உங்கள் பெயரைக் கேளுங்கள். சர்வ்ஃபெயில் வந்தால் அதே கட்டளையின் கடைசியில் “+சிடி” சேருங்கள். டிஎன்எஸ்செக் (டிஎன்எஸ் பதில் போலியில்லை என்று காட்டும் மின்கையெழுத்து முறை) கையெழுத்தைச் சரிபார்க்காதே என்று அதற்குப் பொருள். இப்போது பதில் வந்தால் கோளாறு டிஎன்எஸ்செக்கில்தான். கையெழுத்தைச் சரிபார்க்கும் ரிசால்வரைப் பயன்படுத்துபவர்களுக்குத் தளம் திறக்காது, சரிபார்க்காத இணைய நிறுவனத்தின் வாடிக்கையாளர்களுக்குத் திறக்கும்.

நேம்சர்வரை வேறு நிறுவனத்துக்கு மாற்றும்போது ரெஜிஸ்ட்ரியில் இருக்கும் பழைய டிஎஸ் வரியை (கையெழுத்துச் சாவியின் அடையாளம்) நீக்க மறப்பதே வழக்கமான காரணம். பழைய பூட்டுக்குப் புதிய சாவி சேராது. டிஎஸ் வரியைக் கேட்டால் முதலில் வரும் எண் சாவியின் அடையாள எண். நேம்சர்வரில் சாவியே இருக்கும் டிஎன்எஸ்கீ வரியை “+மல்டிலைன்” போட்டுக் கேட்டால் அங்கேயும் அடையாள எண் வரும். அந்தப் பட்டியலில் டிஎஸ் சொல்லும் எண் இல்லாவிட்டால் ரெஜிஸ்ட்ரார் பக்கத்தில் பழைய டிஎஸ்ஸை அழியுங்கள். .காம் பின்னொட்டில் டிஎஸ் 86400 நொடி, அதாவது 24 மணி நேரம் நினைவகத்தில் நிற்கும். அதனால் மாற்றத்துக்கு முன்பே டிஎஸ்ஸை நீக்கி, ஒரு நாள் விட்டு, பிறகு நேம்சர்வரை மாற்றுவதே சரியான வரிசை. எங்கே சங்கிலி அறுந்திருக்கிறது என்பதை டிஎன்எஸ்விஸ் தளம் படமாகவே வரைந்து காட்டும்.

+சிடி சேர்த்தும் சர்வ்ஃபெயில் வந்தால் ஒவ்வொரு நேம்சர்வரையும் தனித்தனியாகக் கேளுங்கள். “ரெஃப்யூஸ்டு” என்று சொல்லும் சர்வரில் உங்கள் டொமைனே சேர்க்கப்படவில்லை.

வேறு ரெஜிஸ்ட்ராருக்கு மாற்ற முடியவில்லை

நிலை வரியில் “கிளையன்ட் டிரான்ஸ்ஃபர் புரொஹிபிடட்” இருப்பது நல்லதுதான். திருட்டிலிருந்து காக்கும் பூட்டு அது. மாற்றும்போது மட்டும் கணக்குக்குள் போய்த் திறந்து, மாற்றத்துக்கான ரகசியக் குறியீட்டை வாங்கிக்கொள்ளுங்கள். பூட்டைத் திறக்கவே முடியாவிட்டால் பதிவு செய்த தேதியைப் பாருங்கள். வாங்கியோ கடைசியாக மாற்றியோ 60 நாள் ஆகவில்லை என்றால் ரெஜிஸ்ட்ரார் மறுக்கலாம். உரிமையாளர் பெயரை மாற்றினாலும் 60 நாள் பூட்டு விழக்கூடும். ஆகவே பெயர் மாற்றம், ரெஜிஸ்ட்ரார் மாற்றம் இரண்டும் வேண்டுமென்றால் எதை முதலில் செய்வது என்று தீர்மானித்துவிட்டு இறங்குங்கள். “பெண்டிங் டிரான்ஸ்ஃபர்” என்று வந்துவிட்டால் அதிகபட்சம் 5 நாள்.

மோசடித் தளம் யாருடையது என்று தேடினால் கிளவுட்ஃபிளேர் என்று வருகிறது

ஐபி எண்ணை ஹூயிஸில் கேட்டால் அந்த எண்ணின் சொந்தக்காரர்தான் வருவார். தளத்தின் சொந்தக்காரர் வரமாட்டார். நடுவில் கிளவுட்ஃபிளேர் போன்ற சேவை இருந்தால் உண்மையான ஹோஸ்டிங் அதற்குப் பின்னால் மறைந்திருக்கும். புகார் கொடுக்க அதைக் கண்டுபிடித்துத்தான் ஆக வேண்டும் என்பதில்லை. டொமைனின் ஆர்டாப் பதிலில் ரெஜிஸ்ட்ராரின் “அப்யூஸ்” மின்னஞ்சல் இருக்கும். ஃபிஷிங், மால்வேர் போன்றவற்றுக்கு ஆதாரத்தோடு புகார் வந்தால் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்பது 2024 ஏப்ரல் 5 முதல் ஐகேன் ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. முழு முகவரி, பார்த்த நேரம், திரைப்பிடிப்பு மூன்றையும் இணையுங்கள். அவை இல்லாத புகார் பெரும்பாலும் கிடப்பில் போய்விடும்.

தமிழ் எழுத்து டொமைனைத் தேடினால் இல்லை என்கிறது

.இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர் மூன்றும் டிஎன்எஸ்ஸின் வேரிலேயே, அதாவது உச்சப் பட்டியலிலேயே, பதிவான தமிழ்ப் பின்னொட்டுகள். ஆனால் டிஎன்எஸ்ஸின் உள்ளே தமிழ் எழுத்து போவதில்லை. “எக்ஸ்என்” என்று தொடங்கி, இரண்டு சிறு கோடு போட்டு, ஆங்கில எழுத்தும் எண்ணும் கலந்து வரும் ப்யூனிகோடு வடிவம்தான் போகிறது. பிரவுசர் தானாக மாற்றிவிடும், பல ஹூயிஸ் நிரல்கள் மாற்றாது. ப்யூனிகோடு மாற்றியில் பெயரைக் கொடுத்து, வரும் வடிவத்தைக் கருவியில் கொடுங்கள்.

அப்படியும் இல்லை என்று வந்தால் எழுத்தைப் பாருங்கள். நம் கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவது கணினிக்கு இரண்டாக இருக்கும். “ஔவை” என்பதை ஔ என்ற ஒரே எழுத்தாலும் தட்டலாம். ஒ போட்டுப் பக்கத்தில் ள போட்டு “ஒளவை” என்றும் தட்டலாம், பலர் அப்படித்தான் தட்டுகிறார்கள். இரண்டும் வேறு வேறு டொமைன். ஸ்ரீ இன்னும் சிக்கல். பழைய முறையில் அது ஸ எழுத்தை வைத்து உருவாகும். 2005இல் யூனிகோடு 4.1இல் ஶ எழுத்து வந்த பிறகு அதை வைத்தும் உருவாகிறது. பல எழுத்துருக்களில் இரண்டும் புள்ளி பிசகாமல் ஒரே வடிவம். கடைப்பெயர், கோயில் பெயர் என ஸ்ரீ வரும் பெயர்கள் நம்மிடம் ஏராளம் என்பதால் இதை நேரம் ஒதுக்கிச் சோதிப்பது நல்லது. கொ என்பதைக் கெ, அதன் பிறகு துணைக்கால் என்று தட்டினால் பிரவுசர் சரிசெய்துகொள்ளும். எளிய ப்யூனிகோடு மாற்றிகள் சில அதைச் செய்யாமல் விட்டுவிடும்.

சோதிக்கும் விதம் இது. ரெஜிஸ்ட்ரார் அனுப்பிய ரசீதிலிருந்து பெயரை நகலெடுத்து மாற்றியில் போட்டு, வரும் வடிவத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அதே பெயரை உங்கள் கீபோர்டில் புதிதாகத் தட்டி மறுபடி மாற்றுங்கள். இரண்டையும் எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். ஒரு எழுத்து மாறினாலும் நீங்கள் வாங்கியது ஒன்று, வாடிக்கையாளர் தட்டப்போவது இன்னொன்று. ஒரு ஆண்ட்ராய்டு ஃபோன், ஒரு ஐஃபோன், ஒரு விண்டோஸ் கணினி மூன்றிலும் தட்டிப் பார்த்து எந்த வடிவம் வருகிறது என்று குறித்துக்கொண்டு, இரண்டு வடிவம் வந்தால் இரண்டாவதையும் பதிவு செய்ய முடியுமா என்று ரெஜிஸ்ட்ராரிடம் கேளுங்கள்.